கம்ப்ரஸ் போட்டும் இடம் குறையாத மர்மம்: ஆரக்கிள் பார்ட்டிஷன்களோடு நீண்ட நாள் குடித்தனம்

நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்: “விற்பனை டேபிள் ஒன்றரை டெராபைட்டைத் தாண்டிடுச்சு. மாசத்துக்கு ஒரு பார்ட்டிஷன்னு பிரிச்சுத்தான் வச்சிருக்கோம். ஆல்டர் டேபிள் போட்டு கம்ப்ரஸ்னு கொடுத்தேன். ஒரு செகண்டுல முடிஞ்சிடுச்சு. ஆனா ஒரு எம்பி கூடக் குறையலையே?”

அந்த ஒரு செகண்டுதான் பதில். ஒன்றரை டெராபைட்டை வாசித்து, சுருக்கி, திரும்ப எழுதும் வேலை ஒரு செகண்டில் முடியாது. அந்தக் கட்டளை டேட்டாவைத் தொடவே இல்லை. டிக்‌ஷனரியில் (டேபிள்களைப் பற்றி ஆரக்கிள் வைத்திருக்கும் குறிப்பேட்டில்) ஒரு குறிப்பை மாற்றி எழுதிவிட்டு வந்துவிட்டது, அவ்வளவுதான். ‘செருப்பை வெளியே விடவும்’ என்று வாசலில் பலகை மாட்டினால் அது இனி வருகிறவர்களுக்குத்தான். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவர் காலில் செருப்பு அப்படியேதான் இருக்கும். இனி வருகிறவர்களிலும் பலருக்கு அந்தப் பலகை செல்லாது என்பதுதான் கூடுதல் கொடுமை. சாதாரண இன்சர்ட் வழியாக வரும் ரெக்கார்டை பேசிக் கம்ப்ரஷன் (வெறும் கம்ப்ரஸ் என்று போட்டால் கிடைக்கும் அடிப்படைச் சுருக்கம்) கண்டுகொள்வதே இல்லை. டைரக்ட் பாத் வழியாக, அதாவது பிளாக்கை (ரெக்கார்டுகளை அடுக்கி வைக்கும் சின்னப் பெட்டியை) மெமரியிலேயே கட்டி முடித்து ஃபைலில் நேராக எழுதும் வழியில் வந்தால்தான் சுருக்கம்.

ஆரக்கிள் டேட்டா வேர்ஹவுஸில் (ரிப்போர்ட்டுக்காகப் பல வருட டேட்டாவைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸில்) பார்ட்டிஷனையும் கம்ப்ரஷனையும் சேர்த்து நெடுநாள் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் இந்த இடத்தில்தான் பெருமூச்சு வரும். சுருக்கம் என்பது இங்கே டேபிளின் குணம் அல்ல, ரெக்கார்டு உள்ளே நுழைந்த வழியின் குணம். ஆனால் டிக்‌ஷனரி அப்படிப் பேசாது. பார்ட்டிஷன் பட்டியலைக் காட்டும் வியூவில் கம்ப்ரஷன் என்ற நெடுவரிசையில் ‘எனேபிள்டு’ என்று பளிச்சென்று நிற்கும். உள்ளே ஒரு பிளாக் கூடச் சுருங்கியிருக்காது. எரர் இல்லை, வார்னிங் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. முழுக்க மௌனம். தப்பாகச் செய்வதைக் கூட மன்னிக்கலாம், செய்யாததைச் செய்ததாகக் காட்டுவதைத்தான் தாங்க முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது.

பேசிக் கம்ப்ரஷன் 9ஐ ரிலீஸ் 2-இல் வந்தது. எண்டர்பிரைஸ் எடிஷன் இருந்தால் இதற்குத் தனிக் காசு கிடையாது. இது ஜிப் போன்ற சுருக்கம் அல்ல. ஒரே பிளாக்குக்குள் திரும்பத் திரும்ப வரும் மதிப்புகளை பிளாக்கின் தலைப்பகுதியில் ஒரு பட்டியலாக ஒரே ஒரு முறை எழுதிவைத்து, ரெக்கார்டுகளில் அந்தப் பட்டியலின் எண்ணை மட்டும் வைக்கிறது. 8 கேபி பிளாக்கில் 200 பைட் ரெக்கார்டு சுமார் 40 அடங்கும் என்று வையுங்கள். ஆர்டரின் நிலையைச் சொல்லும் நெடுவரிசையில் 9 எழுத்து ஆங்கிலச் சொல் ஒன்று 40 முறையும் வந்தால், நீளத்தைக் குறிக்கும் ஒரு பைட்டையும் சேர்த்து 400 பைட் போகிறது. சுருக்கினால் அந்தச் சொல் ஒரு முறை, பிறகு ரெக்கார்டுக்கு ஒரு பைட் எண். பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகள் சேர்ந்தாற்போல் திரும்ப வந்தால் அந்தக் கூட்டையே ஒரே குறியாக்கிவிடும். அப்படிக் கூட்டு அமைய வேண்டும் என்பதற்காக பிளாக்குக்குள் நெடுவரிசைகளின் வரிசையையே மாற்றி வைத்துக்கொள்ளும். பிளாக் டம்ப் எடுத்துப் பார்த்தால், பிந்தைய பதிப்புகளிலும் அந்த இடமாற்றக் குறிப்பின் பெயரில் 9ஐ ஆர்2 என்ற ஒட்டு எட்டிப் பார்க்கும். அந்தக் காலத்து வேலை, இன்றும் அப்படியே ஓடுகிறது.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் இங்கேதான். சுருக்கினால் வாசிப்பது மெதுவாகும் என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். நடப்பது நேர்மாறு. பிளாக் சுருங்கிய நிலையிலேயே மெமரிக்கு வருகிறது, பஃபர் கேஷிலும் (பிளாக்குகளை வைத்திருக்கும் மெமரிப் பகுதி) அப்படியே உட்கார்கிறது. விரித்துப் பரப்பும் வேலை தனியாக இல்லை, பட்டியலில் எண்ணைத் தேடி மதிப்பை எடுப்பது மட்டும்தான். டேபிள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கினால் ஃபுல் ஸ்கேனுக்கு டிஸ்கிலிருந்து வாசிப்பதும் மூன்றில் ஒரு பங்கு. வேர்ஹவுஸ் குவெரிகள் பெரும்பாலும் டிஸ்கைத்தான் நம்பிக் கிடக்கின்றன. அதனால் இடத்தை மிச்சப்படுத்தத் தொடங்கியவர்களுக்கு ரிப்போர்ட் வேகமானதுதான் பெரிய லாபமாகப் படும்.

அந்த மூன்றில் ஒரு பங்கு எல்லோருக்கும் கிடைக்குமா? இரண்டிலிருந்து நான்கு மடங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை நிர்ணயிப்பது ரெக்கார்டுகள் எந்த வரிசையில் அடுக்கப்படுகின்றன என்பது. பட்டியல் ஒவ்வொரு பிளாக்குக்கும் தனித்தனி என்பதால் ஒரே மாதிரி மதிப்புகள் ஒரே பிளாக்கில் விழவேண்டும். வந்த வரிசையிலேயே போட்டால் ஒரு பிளாக்கில் 40 கடை, 40 பொருள் என்று சிதறிக் கிடக்கும், சுருங்க ஒன்றுமில்லை. கடை, பொருள், தேதி என்று வரிசைப்படுத்திப் போட்டால் அதே டேட்டா கணிசமாகக் குறையும். எந்த நெடுவரிசையை முன்னால் வைப்பது? வித்தியாசமான மதிப்புகள் குறைவாக இருப்பதை முதலில் வைக்கச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். வித்தியாசமான மதிப்புகள் மூன்றே இருக்கும் ஒற்றை எழுத்து நெடுவரிசை, வரிசைப்படுத்தாமலேயே ஒவ்வொரு பிளாக்கிலும் திரும்பத் திரும்ப வரும். அதை முன்னால் வைத்து லாபமில்லை. நீளமான மதிப்பு, மிதமான எண்ணிக்கை, கூடவே மற்ற நெடுவரிசைகளையும் இழுத்து வருவது எதுவோ அதுவே முதலிடத்துக்குத் தகுதி. பொருள் எண்ணோடு பொருள் பெயர், வகை, பிராண்ட் எல்லாம் அதே டேபிளில் இருந்தால் பொருள்தான் ராஜா. 12.1.0.2 முதல் டேபிளிலேயே அட்ரிப்யூட் கிளஸ்டரிங் என்று எழுதிவைத்துவிடலாம். டைரக்ட் பாத் லோடின்போதும் மூவ் செய்யும்போதும் (பார்ட்டிஷனை வேறு இடத்தில் புதிதாக எழுதும்போதும்) அதுவே வரிசைப்படுத்திக்கொள்ளும். அது இல்லாமல் வெறும் மூவ் பார்ட்டிஷன் மட்டும் போட்டால், இருக்கிற வரிசையிலேயே அள்ளிப் போய்ப் போடும்.

இனி எரிச்சலுக்குத் திரும்புவோம்.

டைரக்ட் பாத் வேண்டும் என்றால் இன்சர்ட்டில் அப்பெண்ட் ஹிண்ட் (கட்டளைக்குள் ஆரக்கிளுக்குத் தரும் குறிப்பு) போட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஹிண்ட் எப்போதெல்லாம் சத்தமில்லாமல் காலை வாரும் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. டேபிளில் ஒரு ட்ரிக்கர் (ரெக்கார்டு நுழையும்போது தானாக ஓடும் நிரல்) எனேபிளாக இருந்தால் போச்சு. இன்சர்ட் ஆகும் டேபிளில் ஃபாரின் கீ (மதிப்பு வேறொரு டேபிளில் இருக்கிறதா என்ற சோதனை) எனேபிளாக இருந்தால் போச்சு. வேல்யூஸ் போட்டு ஒவ்வொன்றாகச் செய்யும் இன்சர்ட்டில் அப்பெண்ட் வேலை செய்யாது; அதற்கு 11.2-இல் வந்த அப்பெண்ட் வேல்யூஸ் என்ற வேறு ஹிண்ட் வேண்டும். ஈடிஎல் டூல் (வேறு சிஸ்டங்களிலிருந்து டேட்டாவை எடுத்து வேர்ஹவுஸில் போடும் மென்பொருள்) ஆயிரம் ஆயிரமாகக் கட்டி அனுப்பும் சாதாரண அர்ரே இன்சர்ட்டும் கன்வென்ஷனல்தான், அதாவது டைரக்ட் பாத் அல்ல. இவை எதிலும் லோட் தோற்காது. டேட்டா ஒழுங்காக வந்து சேரும், ஆனால் சுருங்காமல் வந்து சேரும்.

நடந்ததா இல்லையா என்று பார்க்க இரண்டு வழி. எக்ஸிகியூஷன் பிளானில் (கட்டளையை ஆரக்கிள் எப்படி ஓட்டுகிறது என்ற விவரத்தில்) ‘லோட் ஆஸ் செலக்ட்’ என்று வந்தால் டைரக்ட் பாத். ‘லோட் டேபிள் கன்வென்ஷனல்’ என்று வந்தால் ஹிண்ட் காற்றில் போய்விட்டது. இன்னொரு வழி வேடிக்கையானது, 23ஏஐ-க்கு முந்தைய பதிப்புகளுக்குப் பொருந்தும்: இன்சர்ட் முடிந்ததும் கமிட் போடாமல் அதே செஷனில் அதே டேபிளிலிருந்து ஒரு ரெக்கார்டை செலக்ட் செய்யுங்கள். ஓஆர்ஏ-12838 எரர் வந்தால் சந்தோஷப்படுங்கள், டைரக்ட் பாத் நடந்திருக்கிறது. ரெக்கார்டு ஒழுங்காக வந்தால் கவலைப்படுங்கள். எரர் வந்தால் நல்ல செய்தி என்றிருக்கும் இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஏற்கெனவே கிடக்கும் டேட்டா சுருங்கியிருக்கிறதா என்று அறிய டிபிஎம்எஸ் கம்ப்ரஷன் பேக்கேஜில் கெட் கம்ப்ரஷன் டைப் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ரோ ஐடி (ரெக்கார்டின் முகவரி) கொடுத்தால் எண் ஒன்றைத் திருப்பும்: 1 என்றால் சுருங்கவில்லை, 2 என்றால் ஓஎல்டிபி வகை (காசு கொடுத்து வாங்கும் சுருக்கம், பின்னால் வருகிறது), 12சி-யிலிருந்து பேசிக் என்றால் 4096. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் ஓட்டினால் விடிந்துவிடும். சாம்பிள் பிளாக் போட்டு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிளாக்குகளை எடுத்து எண்ணிப் பாருங்கள், போதும். ‘எனேபிள்டு’ என்று காட்டிய பார்ட்டிஷனில் எல்லாமே 1 என்று வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

மாதாந்தர வேலையாக நான் பரிந்துரைப்பது இதுதான். நடப்பு மாதத்தையும் அதற்கு முந்தைய மாதத்தையும் சுருக்கவே வேண்டாம். ரிட்டர்ன், கேன்சல், திருத்தம் என்று தாமதமாக வரும் அப்டேட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் விழும். அதற்கு முந்தைய மாதம் ஆறிப் போனதும் அதைச் சுருக்கலாம். மூவ் பார்ட்டிஷன் சுலபம். ஆனால் வரிசைப்படுத்தவும் வேண்டும், ரிப்போர்ட் ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும் என்றால் எக்ஸ்சேஞ்ச் பார்ட்டிஷன், அதாவது தனி டேபிள் ஒன்றைப் பார்ட்டிஷனோடு இடம் மாற்றுவதுதான் சரி.

அதே அமைப்பில் ஒரு தனி டேபிள் உருவாக்குங்கள், பிசிடி ஃப்ரீ 0 (அப்டேட்டுக்கென்று பிளாக்கில் இடம் விடாதே என்று பொருள்), கம்ப்ரஸ். அந்த மாதத்து ரெக்கார்டுகளை அப்பெண்ட் ஹிண்டோடு, ஆர்டர் பை போட்டு உள்ளே தள்ளுங்கள். குறைந்தபட்சத் தேதி, அதிகபட்சத் தேதி, எண்ணிக்கை, தொகை நெடுவரிசையின் கூட்டல் நான்கையும் பழைய பார்ட்டிஷனோடு ஒப்பிடுங்கள். லோக்கல் இண்டெக்ஸ்களுக்கு (பார்ட்டிஷன்வாரியாகப் பிரிந்த இண்டெக்ஸ்களுக்கு) இணையான இண்டெக்ஸ்களைத் தனி டேபிளில் கட்டுங்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் அங்கேயே எடுத்துவிடுங்கள். இன்கிரிமென்டல் முறை (மாறிய பார்ட்டிஷனுக்கு மட்டும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுப்பது) வைத்திருந்தால் அந்தத் தனி டேபிளுக்கு இன்கிரிமென்டல் லெவலை டேபிள் என்று அமைத்துவிட்டு எடுக்க வேண்டும் (12சி முதல்). பிறகு இன்க்ளூடிங் இண்டெக்ஸஸ், வித்தவுட் வேலிடேஷன் என்று போட்டு எக்ஸ்சேஞ்ச். டேட்டா நகர்வதில்லை, டிக்‌ஷனரியில் இரண்டு பெயர்கள் இடம் மாறுகின்றன, அவ்வளவே. கடைசியாகப் பழைய டேட்டா உட்கார்ந்திருக்கும் தனி டேபிளை பர்ஜ் சேர்த்து ட்ராப் செய்யுங்கள். பர்ஜ் போடாவிட்டால் அது ரீசைக்கிள் பின்னில் போய்ப் படுத்துக்கொள்ளும், ‘இடம் குறையவில்லை’ என்ற கதை மறுபடி ஆரம்பமாகும்.

இன்டர்வெல் பார்ட்டிஷனாக (டேட்டா வர வர ஆரக்கிளே உருவாக்கிக்கொள்ளும் வகையாக) இருந்தால் பார்ட்டிஷன் பெயர்கள் சிஸ்-பி என்று தொடங்கி ஏதோ எண்ணில் முடியும். அந்தப் பெயரைத் தேடி ஸ்கிரிப்டில் எழுத வேண்டாம். பார்ட்டிஷன் ஃபார் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் அந்த மாதத்தின் ஏதாவது ஒரு தேதியைக் கொடுத்தால் போதும்.

வித்தவுட் வேலிடேஷன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறது என்று பொருள். மார்ச் பார்ட்டிஷனுக்குள் ஏப்ரல் ரெக்கார்டு ஒன்று போய்விட்டால் எரர் வராது. தேதி போடாமல் மொத்தத்தை எண்ணினால் அந்த ரெக்கார்டு வரும். ஏப்ரல் என்று தேதி போட்டுத் தேடினால் ஆரக்கிள் மார்ச் பார்ட்டிஷனைத் திறக்கவே திறக்காது, ரெக்கார்டு காணாமல் போகும். கணக்குப் பிரிவு இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் செய்யும் நாள் வரைக்கும் யாருக்கும் தெரியாது. மேலே அந்த நான்கு ஒப்பீட்டைச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொரு பொறி: வித்தவுட் வேலிடேஷன் போட்டும் எக்ஸ்சேஞ்ச் மணிக்கணக்கில் ஓடுகிறதா? பிரைமரி கீ அல்லது யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் எனேபிளாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலிடேஷன் கேட்டது போலவே நடந்துகொள்ளும். ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள், நாம்தான் படிப்பதில்லை. வேர்ஹவுஸ் டேபிள்களில் அந்தக் கன்ஸ்ட்ரெயின்ட்டை ரிலை, டிசேபிள், நோ வேலிடேட் என்று வைத்து, சரிபார்ப்பை ஈடிஎல்லிலேயே செய்துவிடுவதுதான் வழக்கமான தீர்வு.

ஓஆர்ஏ-14097. எக்ஸ்சேஞ்ச் செய்கிறவர்களுக்கு இந்த எண் மனப்பாடம். இரண்டு டேபிளின் நெடுவரிசைகளும் பொருந்தவில்லை என்கிறது. டிஸ்கிரைப் போட்டுப் பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். காரணம் கம்ப்ரஷனிலிருந்தே வருகிறது. பேசிக் முறையில் சுருக்கிய டேபிளில் நெடுவரிசையை ட்ராப் செய்ய முடியாது, ஓஆர்ஏ-39726 என்று மறுக்கும். அதற்கு மாற்றாக எல்லோரும் செட் அன்யூஸ்டு போடுவார்கள். நெடுவரிசை மறைந்துவிடும், ஆனால் உள்ளுக்குள் பெயர் மாறி ஒளிந்திருக்கும். புதிதாகக் கட்டிய தனி டேபிளில் அந்த மறைந்த நெடுவரிசை இல்லை, அதனால் பொருந்தவில்லை. பார்ட்டிஷன் வசதியும் கம்ப்ரஷன் வசதியும் ஒரே கடைச் சரக்கு; ஒன்று போட்ட முடிச்சில் மற்றொன்று தடுக்கி விழுகிறது. 12.2-இல்தான் இதற்கு மருந்து வந்தது: கிரியேட் டேபிள் போடும்போது ஃபார் எக்ஸ்சேஞ்ச் வித் டேபிள் என்று சொன்னால் மறைந்த நெடுவரிசைகளையும் சேர்த்து அப்படியே நகலெடுக்கும். இண்டெக்ஸ்களை அது நகலெடுக்காது, அவற்றை நீங்கள்தான் கட்ட வேண்டும். அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள், அதே நெடுவரிசையைத் தனி டேபிளிலும் அதே இடத்தில் உருவாக்கி அதே மாதிரி அன்யூஸ்டு செய்ய வேண்டும். பொறுமை வேண்டும்.

பிட்மேப் இண்டெக்ஸ் (ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு பிட் வரிசை வைக்கும் இண்டெக்ஸ்) வைத்திருந்தால் இன்னும் ஒன்று. சுருங்காத பார்ட்டிஷன்கள் மட்டுமே உள்ள டேபிளில் முதன்முதலாகக் கம்ப்ரஷனைக் கொண்டுவந்தால் ஓஆர்ஏ-14646 வரும். சுருங்கிய பிளாக்கில் வழக்கத்தைவிட அதிக ரெக்கார்டுகள் அடங்கும். ஒரு பிளாக்கில் அதிகபட்சம் எத்தனை என்று பிட்மேப் போட்டு வைத்த கணக்கு அதற்குப் போதாது. எல்லா பிட்மேப் இண்டெக்ஸையும் அன்யூசபிள் ஆக்கி, சுருக்கி, திரும்பக் கட்ட வேண்டும். இதைத் தவிர்க்கும் தந்திரம் ரொம்பச் சின்னது: டேபிளை உருவாக்கும்போதே ஒரே ஒரு பார்ட்டிஷனை, காலியாக இருந்தாலும் சரி, கம்ப்ரஸ் என்று உருவாக்கிவிடுங்கள். பிட்மேப் ஆரம்பத்திலேயே பெரிய கணக்கோடு கட்டப்படும். காலிப் பார்ட்டிஷனைப் பிறகு நீக்கிவிடலாம்.

அப்டேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பேசிக் முறையில் சுருங்கிய ரெக்கார்டை அப்டேட் செய்தால், மாறிய நெடுவரிசை எண்ணுக்குப் பதில் முழு மதிப்பாக எழுதப்படும். பிசிடி ஃப்ரீ 0 என்பதால் பிளாக்கில் இடமில்லை. ரெக்கார்டு வேறு பிளாக்குக்கு இடம்பெயரும், பழைய இடத்தில் முகவரி மட்டும் மிஞ்சும். ஒரு நெடுவரிசையை எல்லா ரெக்கார்டிலும் திருத்தும் ஒரே ஒரு அப்டேட் போதும், பாடுபட்டுச் சுருக்கிய பார்ட்டிஷன் சுருக்குவதற்கு முன்பிருந்த அளவையும் தாண்டிவிடும். பழைய மாதங்களைத் திருத்த வேண்டுமா, அப்டேட் போடாதீர்கள். திருத்திய வடிவத்தில் செலக்ட் செய்து புதிதாக எழுதி எக்ஸ்சேஞ்ச் செய்யுங்கள்.

பார்ட்டிஷனை எவ்வளவு பொடியாக நறுக்குவது என்பதிலும் நிறையப் பேர் இடத்தை இழக்கிறார்கள். 11.2.0.2 முதல் பார்ட்டிஷன் டேபிளின் ஒவ்வொரு செக்மென்டுக்கும் (ஒரு பார்ட்டிஷன் டிஸ்கில் பிடிக்கும் இடத்துக்கும்) தொடக்க அளவு 8 எம்பி. நாளுக்கு ஒரு பார்ட்டிஷன், அதற்குள் 16 ஹாஷ் சப்பார்ட்டிஷன், ஐந்து வருடம் என்று கணக்குப் போடுங்கள்: 365 × 5 × 16 = 29,200 செக்மென்ட். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ரெக்கார்டு இருந்தாலும் சுமார் 228 ஜிபி போய்விடும். 6 எம்பி டேட்டாவை 2 எம்பியாகச் சுருக்கினாலும் அது உட்காரும் இடம் 8 எம்பிதான். கம்ப்ரஷன் அருமையாக வேலை செய்திருக்கும், டிஸ்க் ஒரு பைட் கூட மிச்சமாகியிருக்காது. மாதப் பார்ட்டிஷன் போதும் என்றால் மாதத்தோடு நிறுத்துங்கள். பொடியாகத்தான் வேண்டும் என்றால் ஸ்டோரேஜ் பகுதியில் இனிஷியல் 64 கேபி என்று நீங்களே எழுதுங்கள்.

குவெரி பக்கம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பார்ட்டிஷன் தேதியை டூ சார் போட்டு மாத எழுத்தாக மாற்றி ஒப்பிட்டால் எல்லாப் பார்ட்டிஷனும் திறக்கும், இது எல்லோரும் அறிந்ததே. அதிகம் தெரியாதது ஜாவா விவகாரம்: டேபிளில் டேட் வகை, அப்ளிகேஷனிலிருந்து வரும் பைண்ட் (குவெரிக்குத் தரும் மதிப்பு) டைம்ஸ்டாம்ப் வகை என்றால் ஆரக்கிள் தேதியை உள்ளுக்குள் மாற்றி ஒப்பிடும், வேண்டாத பார்ட்டிஷன்களைத் திறக்காமல் தவிர்ப்பது நடக்காது. பிளானின் ஃபில்டர் பகுதியில் இன்டர்னல் ஃபங்ஷன் என்று தெரிந்தால் அதுதான். இன்டர்வெல் டேபிளில் பி-ஸ்டார்ட் 1, பி-ஸ்டாப் 1048575 (முதல் பார்ட்டிஷனிலிருந்து கடைசி வரை எல்லாம்) என்று காட்டினாலும் அதே நோய்தான்.

எல்லாம் சரியாகச் செய்து பார்ட்டிஷன்கள் உண்மையாகவே சுருங்கிய பிறகும் சர்வரில் டிஸ்க் நிலவரம் பார்த்தால் அப்படியே இருக்கும். செக்மென்ட் சுருங்கியது, டேட்டா ஃபைல் சுருங்கவில்லை. ரீசைஸ் செய்யப் போனால் ஓஆர்ஏ-03297: ஃபைலின் கடைசியில் ஏதோ ஒரு சின்ன எக்ஸ்டென்ட் (இடத் துண்டு) வழியை மறித்துக்கொண்டு படுத்திருக்கும். அதனால் வருடத்துக்கு ஒரு டேபிள்ஸ்பேஸ் (டேட்டா ஃபைல்களின் தொகுப்பு) என்று வைத்து, சுருக்கும்போதே புதிய டேபிள்ஸ்பேஸில் எழுதி, பழையதை ஃபைலோடு சேர்த்து நீக்குங்கள். லோக்கல் இண்டெக்ஸ்களையும் மறக்காமல் கூட்டிப் போங்கள். இண்டெக்ஸ்களின் மொத்த அளவு டேபிளைவிடப் பெரிதாக இருக்கும் வேர்ஹவுஸ்கள் உண்டு. கூட்டு இண்டெக்ஸில் முன் நெடுவரிசைகள் திரும்ப வந்தால் இண்டெக்ஸுக்கான முன்னொட்டுக் கம்ப்ரஷனைப் போடலாம், அதற்கும் தனிக் காசு இல்லை. முடிந்த வருடத்தின் டேபிள்ஸ்பேஸை ரீட் ஒன்லி ஆக்கிவிட்டால் இன்னொரு லாபம்: ஆர்மேனில் (ஆரக்கிளின் பேக்கப் கருவியில்) அதை ஒரு முறை நன்றாக பேக்கப் எடுத்து வைத்துவிட்டு, தினசரி பேக்கப்பில் ஸ்கிப் ரீட் ஒன்லி போட்டுத் தாண்டிவிடலாம். பார்ட்டிஷன், கம்ப்ரஷன், ரீட் ஒன்லி மூன்றும் சேரும்போது பேக்கப் நேரம் குறைவது, டிஸ்க் மிச்சத்தைவிட நிர்வாகிகளுக்குப் பிடித்துப்போகும்.

இப்போது காசு. கம்ப்ரஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து லைசென்ஸ் மாறுகிறது. 11.2-இல் கம்ப்ரஸ் பேசிக் என்றால் இலவசம், கம்ப்ரஸ் ஃபார் ஓஎல்டிபி என்றால் அட்வான்ஸ்டு கம்ப்ரஷன் ஆப்ஷன். 12சி-யில் அவையே ரோ ஸ்டோர் கம்ப்ரஸ் பேசிக், ரோ ஸ்டோர் கம்ப்ரஸ் அட்வான்ஸ்டு என்று பெயர் மாறின. இரண்டாவதைத் தட்டினால் யாரும் தடுக்க மாட்டார்கள், சாவி கேட்க மாட்டார்கள். ஃபீச்சர் யூசேஜ் வியூவில் மட்டும் சத்தமில்லாமல் பதிவாகிவிடும், ஆடிட் வரும் நாளில் அது பேசும். கம்ப்ரஷன் நடக்காதபோது நடந்ததாகச் சொல்லும் அதே டிக்‌ஷனரி, லைசென்ஸ் விஷயத்தில் மட்டும் கணக்கில் படு சுத்தம்!

அதைவிட எரிச்சல் மூவ் பார்ட்டிஷன் ஆன்லைன். 12.1-இல் வந்த நல்ல வசதி, இண்டெக்ஸையும் பார்த்துக்கொள்ளும், டிஎம்எல்லும் (இன்சர்ட், அப்டேட், டெலீட்) நிற்காது. ஆனால் சுருங்கிய வடிவத்துக்கு ஆன்லைனாக நகர்த்தினால், அது பேசிக்காகவே இருந்தாலும், அட்வான்ஸ்டு கம்ப்ரஷன் லைசென்ஸ் வேண்டும். ஆன்லைன் இலவசம், பேசிக் இலவசம், இரண்டையும் சேர்த்தால் காசு. ஸ்கிரிப்டில் அந்த ஒரு சொல்லை எழுதுவதற்கு முன் லைசென்ஸ் கையேட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

நெடுவரிசைவாரியாகச் சுருக்கும் ஹைப்ரிட் காலம்னர் கம்ப்ரஷன் எக்ஸாடேட்டா போன்ற ஆரக்கிளின் சொந்த ஸ்டோரேஜில்தான் ஓடும். சுருக்கம் வேறு ரகம்தான். சாதாரண சான் டிஸ்கில் கேட்டால் மறுத்துவிடும் என்பதால் இங்கே அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

விலைப்பட்டியலில் எண்டர்பிரைஸ் எடிஷன் ஒரு ப்ராசஸருக்கு 47,500 டாலர், பார்ட்டிஷனிங் ஆப்ஷன் அதற்கு மேல் 11,500, அட்வான்ஸ்டு கம்ப்ரஷன் இன்னொரு 11,500. இன்டெல் சர்வரில் 16 கோர் என்றால் பாதிக் கணக்கில் 8 ப்ராசஸர். பார்ட்டிஷனுக்கு மட்டும் 92,000 டாலர், வருட சப்போர்ட் 22 சதவீதம் என்று 20,240 தனி. பட்டியல் விலையை யாரும் கொடுப்பதில்லை, பேரம் உண்டு. ஆனாலும் ஸ்டாண்டர்டு எடிஷனில் பார்ட்டிஷன் கிடையவே கிடையாது என்பதால் நுழைவுச்சீட்டே பெரிய தொகைதான்.

மதிப்பெண் போடச் சொன்னால் பார்ட்டிஷனுக்கு ஐந்துக்கு நாலரை. எக்ஸ்சேஞ்ச் ஒன்றுக்காகவே கொடுக்கலாம். பல நூறு ஜிபி மாதத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் இடம் மாற்றும் சுகம் வேறெங்கும் எனக்குப் பழக்கமில்லை. கம்ப்ரஷனுக்கு வேகத்தைப் பார்த்தால் நான்கு, அந்த மௌனத்தைப் பார்த்தால் இரண்டு. மூன்று என்று வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் வாங்கலாமா? வாங்காதீர்கள். கையில் எண்டர்பிரைஸ் எடிஷனும் பார்ட்டிஷன் லைசென்ஸும் ஏற்கெனவே இருந்தால் மேலே சொன்னபடி கடைசிச் சொட்டு வரை பிழிந்து எடுங்கள். புதிதாக வேர்ஹவுஸ் கட்டுகிறவர் இந்த இரண்டு வசதிக்காக இவ்வளவு காசு கொட்ட வேண்டிய காலம் போய்விட்டது. போஸ்ட்கிரஸ் என்ற இலவச டேட்டாபேஸில் 10-ஆம் பதிப்பிலிருந்து பார்ட்டிஷன் இலவசம். ஆனால் அதன் சுருக்கம் சுமார் 2 கேபியைத் தாண்டும் பெரிய ரெக்கார்டுகளுக்கு மட்டுமே என்பதால் வேர்ஹவுஸுக்கு அது மட்டும் போதாது. 2016-இல் ஓப்பன் சோர்ஸாக வந்த கிளிக்ஹவுஸ் டேட்டாபேஸில் நெடுவரிசைவாரியாகத்தான் சேமிப்பு, எல்இசட்4 சுருக்கம் கேட்காமலேயே வரும், எந்த வழியில் இன்சர்ட் செய்தாலும் வரும். அங்கேயும் ஆர்டர் பை வரிசையைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் சுருக்கம் பாதிதான். அப்டேட் செய்வது இதைவிடப் பெரிய தலைவலி, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.